ஸ்கேனர் யாரிடம் பேசுகிறது?

ஹ1042 என்று ஒரு புத்தகம் அந்த நூலகத்தில் கிடையாது. ஆனால் திரையில் அதுதான் வந்து நின்றது. கீழே சிவப்பில் 'இந்த எண்ணில் பதிவு இல்லை' என்ற அறிவிப்பு. கையிலிருந்த கலைக்களஞ்சியத் தொகுதியின் ஸ்டிக்கரில் R1042 என்று பளிச்சென்று அச்சாகியிருந்தது. ஸ்கேனரும் ஒழுங்காகத்தான் 'பீப்' அடித்தது. காலையில் இதே மாதிரி புத்தகங்களை எடுத்துக்கொண்டது, மதியத்துக்கு மேல் எடுக்க மாட்டேன் என்கிறது என்று நூலக உதவியாளர் அக்கா சொன்னார்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகம் அது. 2012 வாக்கில் அங்கே புத்தகம் கொடுத்து வாங்கும் மென்பொருளைப் பராமரிக்கும் வேலை எனக்கு வந்தது. கவுண்டரில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் அதில் கொடுக்கல் வாங்கல் மட்டும் நடக்கும். மதியம் கூட்டம் குறைந்ததும் அக்கா அதே கம்ப்யூட்டரில் தமிழ்ப் புத்தகங்களின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருப்பார். அதற்காகத் தமிழ்த் தட்டச்சை இயக்கிவைத்திருப்பார். அவர் பழகியது தமிழ் 99 விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட அந்த அமைப்பில் ஷிஃப்டோடு சேர்த்து R அடித்தால் வருவது 'ஹ'.

அவ்வளவுதான் விஷயம். ஸ்கேனர் R என்று அனுப்பியதைத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் 'ஹ' ஆக்கிவிட்டது. இலக்கங்களை அது தொடுவதில்லை. அதனால் வெறும் எண் மட்டும் உள்ள சாதாரணப் புத்தகங்கள் எந்த நேரமும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ரெஃபரன்ஸ் புத்தகங்களுக்கு மட்டும்தான் எண்ணுக்கு முன்னால் R. அவற்றை மாணவர்களுக்கு வெளியே கொடுப்பதில்லை, ஆசிரியர்கள் எப்போதாவது ஒரு நாள் கணக்கில் எடுத்துப்போவார்கள். ஆகவே இந்தக் கோளாறு அபூர்வமாகத் தலைகாட்டும், ஆள் வந்து பார்ப்பதற்குள் மறைந்துவிடும்.

காரணம் தெரிந்ததும் நிம்மதி வந்தது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போகப் போக, கோளாறு அந்த ஓர் எழுத்தில் இல்லை என்பது புரிந்தது. கடைகளிலும் நூலகங்களிலும் நாம் பார்க்கிற பெரும்பாலான பார்கோடு ஸ்கேனர்கள் கம்ப்யூட்டரிடம் தங்களை ஸ்கேனர் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. 'நான் ஒரு கீபோர்டு' என்கின்றன. கோடுகளைப் படித்து, அதிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தியதுபோல் அனுப்பி, கடைசியில் ஓர் என்டரும் தட்டிவிடுகின்றன. பழைய ஸ்கேனர்களில் இது கண்ணுக்கே தெரியும்: கீபோர்டின் வயரைக் கழற்றி ஸ்கேனரின் கிளை வயரில் செருகி, அதைக் கொண்டுபோய் கம்ப்யூட்டரில் செருகுவார்கள். யுஎஸ்பி வந்த பிறகு கிளை வயர் போய்விட்டது, வேஷம் மட்டும் தங்கிவிட்டது.

இதில் பெரிய வசதி இருப்பதை மறுக்க முடியாது. எந்த மென்பொருளிலும் ஒரு வரி மாற்றாமல் ஸ்கேனரைப் பயன்படுத்தலாம். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதன்முதலாக ஸ்கேன் செய்தபோது, அதைப் படித்தது அந்த வேலைக்கென்றே செய்த கல்லாப்பெட்டி இயந்திரம். அந்த அளவுக்குச் செலவு செய்ய முடியாத சின்னக் கடைக்கும் சின்ன நூலகத்துக்கும் பார்கோடு வந்து சேர்ந்தது இந்தக் கீபோர்டு வேஷத்தால்தான்.

ஆனால் கீபோர்டில் அடிக்கிற எழுத்து யாருக்குப் போகும்? அந்த நேரத்தில் திரையில் எந்த விண்டோ முன்னால் நிற்கிறதோ, அதற்குத்தான். வீட்டில் யார் பெயருக்குத் தபால் வந்தாலும் வாசலில் நிற்பவர் கையில் திணித்துவிட்டுப் போவதுபோல, விண்டோஸ் முன்னால் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். ஆள் உட்கார்ந்து அடிப்பதற்கு இந்த ஏற்பாடு சரியானது. கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கையும் வேலை செய்கிறது. கவுண்டரில் அப்படி இல்லை.

அக்கா வேலை செய்வதைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஏப்ரல் மாதம், பரீட்சைக்கு முந்தைய வாரங்கள். ஹால் டிக்கெட் வாங்க 'நோ டியூ' கையெழுத்து வேண்டும், அதற்கு நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தந்தாக வேண்டும். பையன்கள் கவுண்டரில் புத்தகத்தை வைத்துவிட்டு வைத்துவிட்டு நகர்கிறார்கள். அக்கா திரையைப் பார்ப்பதே இல்லை. இடது கையால் அட்டையைத் திறக்கிறார், வலது கையில் ஸ்கேனர், 'பீப்', புத்தகம் வண்டிக்குப் போகிறது. கண் முழுக்க எதிரில் நிற்கும் பையன் மேல்: "எலேய், இதுல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கே, யாரு பண்ணுனா?" நடுவில் முதல்வர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டியிருந்தால் வேர்டைத் திறக்கிறார். அந்த நேரத்தில் ஒருவர் புத்தகம் கொண்டுவந்தால் கை தானாக ஸ்கேனருக்குப் போகிறது. 'மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு' என்று பாதி வந்திருக்கும் வரியின் நடுவில் 18356 என்று விழுந்து, என்டரும் தட்டப்பட்டு, வரி உடைகிறது. திரும்பி வந்த புத்தகமோ கணக்கில் வரவில்லை. அந்தப் பையன் பெயரில் அது நிலுவையாகவே நிற்கும், அபராதமும் ஏறும்.

அந்த என்டர்தான் எனக்குப் பெரிய பயம். திரையில் 'இந்தப் பதிவை அழிக்கலாமா?' என்று ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கும்போது ஸ்கேன் செய்தால், யாரும் 'ஆம்' சொல்லாமலே 'ஆம்' ஆகிவிடும்.

இதற்கு எல்லா இடத்திலும் சொல்லப்படும் தீர்வு ஒன்று உண்டு: 'ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி அந்தக் கட்டத்துல ஒரு கிளிக் பண்ணிக்கோங்க.' பயிற்சி வகுப்பிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அது எப்போதும் பிடித்ததில்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான புத்தகம் கையாளுகிறவரிடம், ஒவ்வொன்றுக்கும் மவுஸைத் தேடு, திரையைப் பார், சொடுக்கு, பிறகு ஸ்கேன் செய் என்பது மென்பொருள் சுமக்க வேண்டிய பாரத்தை மனிதர் தலையில் ஏற்றுவது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்தெடுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, நூலகத்தில் வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதைப் பற்றியது. ஊழியரின் நேரம் வீணானால் வரிசையில் நிற்கும் வாசகரின் நேரமும் சேர்ந்துதான் வீணாகிறது. எங்கள் மென்பொருள் பின்னால் மறைந்து கிடந்தாலும், சின்னதாக்கி வைத்திருந்தாலும், ஸ்கேனர் சொல்வது அதன் காதில் விழ வேண்டும். இதுதான் எனக்கு நானே வைத்துக்கொண்ட நிபந்தனை.

விண்டோஸில் இதற்கு முதலில் கண்ணில் படும் வழி ஹூக். கீபோர்டிலிருந்து வரும் ஒவ்வொரு விசையும் யாருக்குப் போய்ச் சேர்வதற்கும் முன்னால் நம் நிரலிடம் வந்து போகும்படி வழிமறித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் அந்த விசையை விழுங்கியும் விடலாம். ஆனால் இந்த ஹூக்குக்கு ஒரு பெரிய குறை: விசை எது என்று சொல்லும், எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று சொல்லாது. அக்காவின் விரல் அடித்த 1ம், ஸ்கேனர் அனுப்பிய 1ம் அதற்கு ஒன்றுதான்.

பிறகு எப்படிப் பிரிப்பது? வேகத்தை வைத்து என்பார்கள். அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 45 சொல் வேகம். ஒரு சொல்லுக்கு ஐந்து விசை என்று வைத்தால் சராசரியாகக் கால் நொடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் ஒரு விசை. ஸ்கேனரோ சில மில்லி நொடிகளுக்கு ஒன்று அனுப்பிவிடும். வித்தியாசம் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் பழகிய கை 'ing' என்பதை ஒரே உருட்டில் அடிக்கும்போது அந்தச் சராசரி செல்லாது. ஒரு விசையின் மேல் விரலையோ புத்தகத்தையோ வைத்து அழுத்தியிருந்தால் விண்டோஸே அதை நொடிக்கு முப்பது தடவை வரை திரும்பத் திரும்ப அனுப்பும். கவுண்டரில் புத்தகத்தைக் கீபோர்டு மேல் வைப்பது அன்றாடம் நடக்கிற காரியம். இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர் திணறுகிற நேரத்தில் ஸ்கேனரின் எழுத்துகளும் விட்டு விட்டு வரும். வேகம் என்பது ஊகம், அடையாளம் அல்ல. பதிவேட்டில் ஒருவர் பெயரில் நிலுவை ஏற்றுகிற வேலையை ஊகத்தின் மேல் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஹூக் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் சோதனைக்காக ஒவ்வொரு விசையும் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, அப்போ நாங்க இங்க என்ன அடிச்சாலும் உங்க புரோகிராமுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"பாஸ்வேர்டு அடிச்சாலுமா? மதியம் சாப்பாட்டு நேரத்துல நான் இதுலதான் பேங்க் கணக்குப் பாப்பேன்."

அவர் கேட்டதில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆவல்தான். ஆனால் அந்த வேலை முழுவதிலும் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பின்னணியில் இருந்து ஸ்கேனரைக் கேட்கும் நிரலும், பின்னணியில் இருந்து கடவுச்சொல் திருடும் நிரலும் ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே வருகின்றன. இயங்குதளம் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எழுதுகிறவரின் ஒழுங்கு ஒன்றுதான் வித்தியாசம். அன்றோடு அந்தச் சோதனைத் திரையை எடுத்துவிட்டேன். எங்கள் நிரல் கேட்கட்டும், ஆனால் ஸ்கேனரை மட்டும் கேட்கட்டும் என்று நிபந்தனையை மாற்றிக்கொண்டேன்.

அதற்கான வழி விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. ரா இன்புட் என்பார்கள். இதில் பதிவு செய்துகொண்டு, 'நான் முன்னால் இல்லாவிட்டாலும் எனக்கு அனுப்பு' என்று ஒரு குறியையும் சேர்த்துக் கேட்டால், ஒவ்வொரு விசையோடும் அது எந்தக் கருவியிலிருந்து வந்தது என்ற அடையாளமும் கூடவே வரும். அந்த அடையாளத்தை வைத்துக் கருவியின் முழுப் பெயரையும் கேட்டு வாங்கலாம். அதில் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் இருக்கும். அமைப்புத் திரை ஒன்று வைத்தேன்: ஒரு குறிப்பிட்ட பார்கோடை ஒரே ஒரு தடவை ஸ்கேன் செய்தால் போதும், 'இதுதான் ஸ்கேனர்' என்று அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளும். வயரைப் பிடுங்கி மறுபடி செருகினால் அடையாள எண் மாறிவிடும். பெயரைத் திரும்பக் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

'இந்த ஒரு கருவியை மட்டும் கொடு' என்று கேட்க ரா இன்புட்டில் வசதி இல்லை. கீபோர்டு வகை என்று கேட்டால் எல்லாக் கீபோர்டும் வரும். ஆகவே சேதி வந்ததும் நிரல் செய்யும் முதல் வேலை, கருவி எது என்று பார்ப்பது. நம் ஸ்கேனர் இல்லையென்றால் என்ன விசை என்றே பார்க்காமல் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவது. எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை, பிழை தேடுவதற்காகக்கூட. நிரலில் இதைச் செய்யும் நான்கு வரிகளையும் அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "சரி, நம்ம சாருக்கும் இத ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க" என்றார். நூலகருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மென்பொருள் ஆவணங்களோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

'ஹ' சிக்கலும் இதோடு தீர்ந்தது. அங்கிருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எழுத்தை மாற்றியது விண்டோவுக்குப் போகிற வழியில். எங்களுக்கு வந்தது அதற்கு முந்தைய விசை எண். ஷிஃப்டு தனியாக, R தனியாக வரும். இரண்டையும் சேர்த்துப் படிப்பது நம் பொறுப்பு. அக்கா தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் R1042 இப்போது R1042தான். பின்னட்டையில் 978 என்று தொடங்கும் ஐஎஸ்பிஎன் பார்கோடைத் தவறி ஸ்கேன் செய்தால் அதையும் அடையாளம் கண்டு, உள்பக்கத்து ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லும்படி செய்தேன்.

ஆனாலும் வேலை பாதிதான் முடிந்திருந்தது. ரா இன்புட் கேட்கும், தடுக்காது. புத்தகம் கணக்கில் சரியாக ஏறியது. அதே 18356 முதல்வர் கடிதத்தின் நடுவிலும் விழுந்தது. தடுக்கத் தெரிந்த ஹூக்குக்கு ஆளைத் தெரியாது, ஆளைத் தெரிந்த ரா இன்புட்டுக்குத் தடுக்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹூக் முடிவெடுக்க வேண்டிய கணத்தில் மற்றதன் சேதி வந்து சேர்ந்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தாமதித்துக் காத்திருக்கவும் முடியாது. விண்டோஸ் 7இல் ஹூக் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால், நிரலுக்கே தெரியாமல் அதைக் கழற்றிப் போட்டுவிடும்.

ஸ்கேனரையே ஒரு முன்னெழுத்து சேர்த்து அனுப்பச் சொல்வது இன்னொரு வழி. மனிதர்கள் அடிக்காத ஓர் எழுத்தை முன்னால் வைத்தால், அது வந்ததிலிருந்து என்டர் வரை ஹூக் விழுங்கிவிடலாம். தரவுத் தொடர்புக்கென்று காலங்காலமாக உள்ள 'உரைத் தொடக்கக் குறி' இதற்குப் பொருத்தமானது போலத் தெரியும். அதைக் கீபோர்டு வேஷத்தில் கண்ட்ரோல்-பி என்று அனுப்பும் ஸ்கேனர்கள் உண்டு. எங்கள் நிரல் ஓடாத நேரத்தில் வேர்டு முன்னால் இருந்தால் கடிதத்தில் அதற்குப் பிறகு அடிப்பது தடித்த எழுத்தாகிவிடும். அதோடு, இதற்கு மறுபடியும் எல்லா விசைகளையும் ஹூக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நூலகருக்கு எழுதிக் கொடுத்த தாளுக்கு அது விரோதம்.

கடைசியில் பதில் ஸ்கேனரோடு வந்த கையேட்டிலேயே இருந்தது. பெட்டிக்குள் மடித்துக் கிடந்த அந்தக் காகிதத்தை யாரும் விரித்துப் பார்த்திருக்கவில்லை. பக்கம் முழுக்க பார்கோடுகள். ஒவ்வொன்றும் ஸ்கேனருக்கு ஓர் உத்தரவு. 'தொடர் துறை முறை' என்ற பொருளில் ஒன்று இருந்தது. அதை ஸ்கேன் செய்தேன். வழக்கத்துக்கு மாறான ஒரு 'பீப்'. ஸ்கேனரின் விளக்கு அணைந்து எரிந்தது. விண்டோஸ் ஒரு சாதனம் கழன்ற ஓசையும், அடுத்து ஒரு சாதனம் சேர்ந்த ஓசையும் எழுப்பியது. டிவைஸ் மேனேஜரில் கீபோர்டுகளின் பட்டியலில் இருந்து ஒன்று குறைந்து, 'காம் 3' என்று புதிதாக ஒரு தொடர் துறை முளைத்திருந்தது.

அந்தக் கணத்தோடு ஸ்கேனர் கீபோர்டாக இருப்பதை விட்டுவிட்டது. காம் 3ஐ எங்கள் நிரல் திறந்து வைத்துக்கொண்டால் எண் அதற்கு மட்டும்தான் வரும். வேர்டு முன்னால் இருக்கிறதா, எக்செல் இருக்கிறதா, தமிழா ஆங்கிலமா, கேப்ஸ் லாக் எரிகிறதா, எதுவும் பொருட்டில்லை. யாருடைய கேள்விக்கும் என்டர் பதில் சொல்லாது. ஒருவருடைய விசையையும் நாங்கள் கேட்கத் தேவையில்லை. ரா இன்புட் பகுதியை, இந்த வசதி இல்லாத விலை குறைந்த ஸ்கேனர்களுக்காக மட்டும் நிரலில் விட்டுவைத்தேன்.

இதற்கும் விலை உண்டு. எங்கள் நிரல் ஓடாவிட்டால் ஸ்கேனர் 'பீப்' அடிக்கும், எங்கும் எதுவும் வராது. கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் காம் 3 என்பது காம் 5 ஆகலாம், ஆகவே எண்ணை நம்பாமல் கருவியைத் தேடிப் பிடிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடக்கும்போது, அலமாரி அலமாரியாகப் போய் எண்களை நேரே எக்செல்லில் ஏற்றுவது அவர்கள் வழக்கம். அதற்குக் கீபோர்டு வேஷம்தான் தோது. இரண்டு உத்தரவு பார்கோடுகளையும் பெரிதாக அச்சடித்து, ஒன்றின் மேல் 'கவுண்டர்', இன்னொன்றின் மேல் 'ஸ்டாக்' என்று எழுதி, லேமினேட் செய்து கவுண்டரின் உள்பக்கம் ஒட்டினேன். அக்காவே மாற்றிக்கொள்வார்.

பிற்பாடு ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் இதே பிரச்சினை வேறு முகத்தோடு வந்தது. இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயமாகியிருக்கிறது. பொருளின் அடையாளக் குறியீடு, மருந்தின் பெயர், தயாரிப்பாளரின் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நூலகத்தின் ஐந்து இலக்கம் போலில்லை, நீளமான சரம் இது. கீபோர்டு வேஷத்தில் அவ்வளவும் முன்னால் திறந்திருக்கும் பில்லில் கொட்டும். ஜிஎஸ்1 முறையில் அமைந்த குறியீடுகளில் பேட்ச் எண்ணுக்கு நிலையான நீளம் கிடையாது. அது எங்கே முடிகிறது என்று சொல்ல, ஆஸ்கி வரிசையில் 29ஆம் குறியை நடுவில் வைப்பார்கள். கீபோர்டில் அதற்கென்று விசை இல்லை. கீபோர்டாக நடிக்கும் ஸ்கேனர் அதை விட்டுவிடும், அல்லது கண்ட்ரோலோடு ஓர் அடைப்புக்குறியாக அனுப்பும். குறி தொலைந்தால் பேட்ச் எண்ணின் கடைசி இலக்கம் எது, அடுத்த விவரத்தின் முதல் இலக்கம் எது என்று பிரிக்க வழியில்லை. ஒரு பேட்ச் மருந்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தால், இந்தக் கணக்கை நம்பித்தான் எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி போனது என்று தேடுவார்கள்.

கடைக்காரர் "புது ஸ்கேனர் வாங்கிரலாமா சார்?" என்று கேட்டார். இருக்கிறதன் கையேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதிலும் 'தொடர் துறை முறை' இருந்தது. மாற்றியதும் 29ஆம் குறி அதன் இடத்தில் அப்படியே வந்தது, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தனித்தனியாகப் பதிவேட்டில் உட்கார்ந்தன. கல்லாவில் இருந்த பையன் பில் போடுவதை நிறுத்தவே இல்லை.